லாஹிரி பாகானில் குடித்தனம்

என் வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணனுக்குக் கல்கத்தா பிடிக்காது. எங்கள் கல்யாணத்தன்றே சொன்னார். முப்பது வருஷம் கழித்துப் போன வாரமும் சொன்னார். காலையில் கண் விழித்ததும் வேர்வையைத் திட்டுவார். பல் தேய்த்துக்கொண்டே ஊர்வலம் போகிறவர்களைத் திட்டுவார். காப்பி குடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குப் போய், அங்கே பெஞ்சில் இருக்கும் பெங்காலிக்காரர்களோடு உட்கார்ந்து, அதே ஊரை அவர்கள் பாஷையிலேயே மத்தியானம் வரைக்கும் திட்டிவிட்டு வருவார். கேட்டால், "எனக்கு பெங்காலி எங்கேடி தெரியும்? ஏதோ கத்திரிக்காய் வாங்கற அளவு" என்பார்.

அவர் மாயவரத்துக்காரர். துறைமுகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக வந்து, அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லியே இங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர். நான் படித்தது இங்கே, பாங்கில் கவுண்டரில் உட்கார்ந்து கத்தினது இங்கே, கரியாஹாட் நடைபாதையில் புடவைக்குப் பேரம் பேசித் தொண்டை கட்டினது இங்கே. மாயவரத்துக்குப் போனால் என்னைக் 'கல்கத்தா மாமி' என்பார்கள். வேறு எந்த ஊர்ப் பெயரும் என்னோடு ஒட்டினதில்லை.

இருவரும் ரிட்டையர் ஆனதும் மனுஷர் ஆரம்பித்தார். பாலிகஞ்ச் ஃப்ளாட்டை விற்றுவிட்டுத் தாம்பரத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போய்விடலாம், அங்கே நாலு பேர் தமிழ் பேசுவார்கள், என்றார். நான் மாட்டேன் என்றேன். ஒரு வருஷம் சண்டை. அழுது பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன், உப்பில்லாமல் ரசம் வைத்துப் பார்த்தேன். அந்த ரசத்தைக் குடித்துவிட்டு, "கல்கத்தா தண்ணி, உப்புக்கூடப் பிடிக்கமாட்டேங்கறது" என்று அதற்கும் ஊரையே திட்டினார். பெங்களூரிலிருக்கும் என் பிள்ளை ஸ்ரீநிவாஸும் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டான். கடைசியில் எனக்கு வந்த கோபத்தில், "இனிமே இந்த வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசினேன்னா என் பேர் பத்மஜா இல்லே. வித்துத் தொலைங்கோ!" என்று கத்திவிட்டேன். அவரும் சட்டென்று ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் நந்தி பாபு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து அட்வான்ஸ் கொடுப்பதாக ஏற்பாடு. என் வாழ்க்கைக்குக் குறுக்கே வந்தவனுக்குப் பெயரும் நந்தி என்று பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் லாஹிரி பாகான் விழா.

லாஹிரி பாகான் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பழைய தோட்டம். ஏதோ ஒரு ஜமீன்தார் காலத்துக் குளம், இடிந்த ஒரு படித்துறை, பலா மரங்கள். பேட்டைக் கமிட்டி அதற்குள் வளைந்து வளைந்து போகிற ஒரு நடைபாதை போட்டிருக்கிறது. தினம் காலையில் நாங்கள் அதில்தான் நடப்போம். அவர் முன்னால், திட்டிக்கொண்டே, நான் பின்னால். குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு அந்தப் பாதையையே பழைய காலமாக மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குடிசை, ஒரு கடை, அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள். ஜனங்கள் நடந்துகொண்டே வந்து பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். தோல்பையில் தண்ணீர் சுமக்கிறவன், பல்லக்குத் தூக்கிகள், விளக்கேற்றுகிறவன் எல்லாரும் இருப்பார்கள். எல்லாரும் நம் பேட்டைக்காரர்களே. தண்ணீர் சுமக்கிறவர் நிஜத்தில் பல் டாக்டர்.

இந்த வருஷம் 1912 என்று முடிவு செய்திருந்தார்கள். தலைநகரம் டெல்லிக்குப் போன நேரம். இதற்கெல்லாம் தலைவி ஷர்மிஷ்டா, காலேஜில் சரித்திரம் நடத்துகிற பெண். என் தாத்தா கதையை எப்போதோ அவளிடம் அளந்திருந்தேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பௌதி, எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு டெல்லிக்குப் போற நேரத்துல, இந்த ஊருக்கு வந்து இறங்குற ஒரு மதராஸ் குமாஸ்தா! எவ்வளவு அழகா இருக்கும்! தாதா குமாஸ்தா, நீங்க அவர் சம்சாரம்" என்றாள். அவள் என்னைப் பௌதி என்றால் அண்ணி. அவரை தாதா என்றால் அண்ணா. இந்தப் பேட்டையே எங்களை அப்படித்தான் கூப்பிடும்.

இவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஷர்மிஷ்டா விதிகளைச் சொன்னாள்.

"தாதா, நீங்க போன வாரம்தான் மதராஸ் மெயில்ல வந்திருக்கீங்க. பெங்காலி ஒரு எழுத்து தெரியாது. யார் என்ன கேட்டாலும் ஆபீஸ் இங்கிலீஷ்தான். ஊர் பிடிக்கலை, எப்படா திரும்பிப் போவோம்னு இருக்கீங்க. பௌதி, நீங்க அந்நிய ஆம்பளைங்க முன்னாடி வரக்கூடாது, பேசவும் கூடாது. நாள் பூரா தட்டிக்குப் பின்னாலதான். என்ன ஆனாலும் யாரும் 1912-ஐ விட்டு வெளியே வரக்கூடாது."

"நாள் பூரா இவ பேசமாட்டாளா?" என்று கேட்டார் இவர்.

"ஒரு வார்த்தைகூட."

"அப்போ நான் வரேன்" என்றார். "அதுவும் என் வேஷத்துக்கு ஒத்திகையே வேண்டாம். முப்பது வருஷமா அதைத்தானே பண்ணிண்டிருக்கேன்!"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். போகிறதுக்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் ஒரு நாளாவது முழுசாக இருந்துவிட்டுப் போகலாமே என்றிருந்தது.

ஞாயிறு காலை லேக் மார்க்கெட்டிலிருந்து என் சிநேகிதி காமு வந்து எனக்கு மடிசார் கட்டிவிட்டாள். கல்யாணத்துக்கப்புறம் கட்டினதில்லை. மூச்சு முட்டியது. காமுவுக்கும் வேஷம் உண்டு; பக்கத்து வீட்டு மாமி. அவளும் என்னோடு தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அரைக்க வேண்டியது. எங்கள் 'வீடு' குளக்கரைத் திருப்பத்தில். மூங்கில் தட்டி, ஒரு குமுட்டி அடுப்பு, பித்தளை ஃபில்டர், நாலைந்து பாத்திரம். முன்பக்கம் ஒரு மரப்பெட்டி மேல் என் வீட்டுக்காரர் பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் நாமத்தோடு உட்கார்ந்திருந்தார். கையில் விசிறி. ஜனவரி மாதத்தில் எதற்கு விசிறி என்று கேட்க முடியவில்லை. எனக்குத்தான் வாயைக் கட்டியாயிற்றே.

ஆனால் வாயைக் கட்டினால் என்ன, பாத்திரம் இருக்கிறதே! எங்கள் வீட்டில் பாத்திரம் பேசும். டபராவை டங்கென்று வைத்தால் போதும் நிறுத்துங்கோ என்று அர்த்தம். கரண்டியை இரண்டு தட்டுத் தட்டினால் அசடு வழியாதீங்கோ. குக்கர் மூடி விழுந்தால் அன்றைக்கு ராத்திரி மோர்சாதம்தான். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. ஜனங்கள் வந்தார்கள், பெங்காலியில் ஏதாவது கேட்டார்கள். இவர் திருதிருவென்று விழித்து, "சார், ஐ ஆம் ஃப்ரம் மதராஸ் பிரசிடென்சி" என்றார். "ஹௌ இஸ் கல்கத்தா?" என்று கேட்டால், "வெரி பேட் கிளைமேட்" என்று மனப்பூர்வமாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஷர்மிஷ்டா தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு இரண்டு பெண்கள் வந்து எங்கள் வீட்டு முன்னால் நின்றுகொண்டு, புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி ஏதோ ஒரு கடையைச் சொன்னாள். தட்டி ஓட்டை வழியாகப் பார்த்தேன். மனுஷருக்கு விசிறி நின்றுவிட்டது. காது விடைத்தது.

"அங்கே வாங்காதீங்கம்மா!" என்று வெடித்தார், சுத்தமான பெங்காலியில். "அவன் எசென்ஸ் போடறான்! மார்க்கெட்டுக்குப் பின்னாடி சந்துல ஒரு கிழவர் கடை இருக்கு. காலைல போனாத்தான் கிடைக்கும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நான் டபராவை டங்கென்று வைத்தேன். இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐ ஆம் ஃப்ரம் மதராஸ் பிரசிடென்சி" என்றார்.

காமு அம்மியை நிறுத்திவிட்டு என் காதில், "ஏண்டி, கத்திரிக்காய் வாங்கற பெங்காலின்னு சொன்னியே!" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழவர் வந்தார். முந்தின வருஷம்தான் மோகன் பகான் டீம் வெறுங்காலோடு கால்பந்து விளையாடி வெள்ளைக்காரர்களை ஜெயித்து ஷீல்டு வாங்கியிருக்கிறது, அதைக் கேள்விப்பட்டீரா என்று இங்கிலீஷில் கேட்டார். போன வாரம் ரயிலிறங்கின குமாஸ்தா, 'நோ சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். இவர் எழுந்து நின்று, கச்சத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கடைசி கோல் எப்படி விழுந்தது என்று காலை வீசியே காண்பித்துவிட்டார். விசிறி குளத்தில் போய் விழுந்தது. பல் டாக்டர் தோல்பையைக் கீழே போட்டுவிட்டு இறங்கி எடுத்துக் கொடுத்தார். ஷர்மிஷ்டா வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "தாதா, ப்ளீஸ்! நீங்க இந்த ஊருக்குப் புதுசு!" என்றாள்.

"தெரியறது, தெரியறது. வாய் தவறிப்போச்சு" என்றார்.

இப்படி இருக்கையில்தான் நந்தி பாபு வந்து சேர்ந்தார். தலையில் மங்கி கேப், காலில் வெள்ளை ஷூ. வீட்டை வெளியிலிருந்து இன்னொரு தரம் பார்க்கலாமென்று வந்தாராம். நாங்கள் இங்கே இருப்பதாக வாட்ச்மேன் சொல்லியிருக்கிறான். சாயங்காலம் வரைக்குமாவது இந்த நாள் எனக்கு மிச்சம் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அதையும் பிடுங்கிக்கொள்ள வந்துவிட்டானே பாவி!

"ஆஹா தாதா, நல்லா இருக்கு வேஷம்!" என்று பெங்காலியில் சொல்லிக்கொண்டே மரப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "சாயங்காலம் எதுக்கு? இங்கேயே பேசி முடிச்சுடலாம்னு வந்தேன்."

பின்னால் ஒரு கும்பல் நின்றிருந்தது. இவர் சுற்றும் முற்றும் பார்த்து, "சார், ஐ ஆம் ஃப்ரம்..." என்று ஆரம்பித்தார்.

"அது கிடக்கட்டும் தாதா. என் சம்சாரத்துக்கு வீடு பிடிச்சிருக்கு. ரெண்டே ரெண்டு வேலைதான் பாக்கி. அந்தத் தெற்குப் பக்கத்து பால்கனி இருக்கே, அதைக் கண்ணாடி போட்டு மூடி ரூமோட சேர்த்துடுவோம். எல்லா ரூமுக்கும் ஏசி. அப்புறம் பேட்டையில ஒரே சத்தம், டீக்கடையும் அரட்டையும். துர்கா பூஜை வந்தா கேக்கவே வேணாம். ஜன்னலை எல்லாம் நிரந்தரமா அடைச்சுட்டா நிம்மதி. இந்தப் பக்கத்துல என்னதான் இருக்கு, சொல்லுங்க? எங்களுக்கு ஸ்டேஷன் கிட்டக்க இருக்கு, அவ்வளவுதான்."

இதில் ஒரு வார்த்தைகூட என் வீட்டுக்காரர் சொல்லாதது இல்லை. அந்த பால்கனியால்தான் புழுதி வருகிறது என்பார். பூஜை ஐந்து நாளும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருவார். ஆகவே, 'ஆமாம், ரொம்ப சரி' என்று தலையாட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

விசிறி கீழே விழுந்தது.

"என்ன சொன்னீங்க மோஷாய்?" என்றார், பெங்காலியில். மோஷாய் என்றால் இங்கே ஐயா. சண்டைக்கு முன்னால் வருகிற ஐயா. "தெற்கை மூடறதா?"

"ஆமா, கண்ணாடி..."

"நீங்க பெங்காலிதானா? அப்பன் பாட்டன் எல்லாம் இந்த ஊர்தானா? கல்கத்தாவில மனுஷன் எதுக்கு வீடு வாங்கறான்? தெற்குக்கு வாங்கறான்! தெற்குப் பார்த்த பால்கனின்னா அவனவன் குலதெய்வத்துக்கு வேண்டிக்கறான். நீங்க அதுக்குக் கண்ணாடி போடறீங்களா? ஏப்ரல் மாசம் கரண்ட் போயிருக்கும். சட்டை முதுகோட ஒட்டியிருக்கும். செத்துப்போயிடலாம்னு இருக்கும். அப்போ சாயங்காலம் ஒரு காத்து வரும் பாருங்க. அந்த பால்கனியில நின்னு வாங்கியிருக்கீங்களா அதை? எந்த ஏசிக்காரன் தருவான் உங்களுக்கு?"

"டிக் போலேச்சேன்! சரியாச் சொன்னீங்க!" என்று கும்பலிலிருந்து ஒரு குரல்.

இவருக்கு அது போதும். தலைப்பாகையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கோடைப் புயல் வருதுன்னு எங்களுக்கு ரேடியோவா சொல்லும்? எதிர்வீட்டு மாஷிமா கிழவி சொல்லுவா. மொட்டைமாடிக்குத் துணி எடுக்க ஓடறப்பவே, 'அனந்தோ, உன் சம்சாரத்தோட புடவை பறக்குது'ன்னு கத்துவா. நீங்க ஜன்னலை அடைச்சுட்டா அவ யாரைக் கூப்பிடுவா? பூஜைச் சத்தம்ங்கறீங்க. அஷ்டமி காலையில அந்தக் கொட்டுச் சத்தம் காதுல விழலைன்னா அது சால்ட் லேக்கா, சஹாராவா? எனக்கு டைபாய்டு வந்தப்போ டீக்கடைல உக்காந்து அரட்டை அடிக்கறானுங்களே, அந்தப் பசங்கதான் முறை வெச்சு ஆஸ்பத்திரியில படுத்திருந்தானுங்க. என்னதான் இருக்குன்னு கேக்கறீங்களே, வாய் கூசலை?"

கும்பல் பெரிதாகிவிட்டது. பாதையில் பின்னால் வந்தவர்கள் நகர முடியாமல் நின்று, முன்னால் போனவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து, பல்லக்குத் தூக்கிகள்கூடப் பல்லக்கை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். பல்லக்குக்குள் கல்யாணப் பெண் வேஷத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். யாரோ ஒருவர், வடக்குக் கல்கத்தாவில் இல்லாத காற்றா இங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டார். இவர் அந்த ஆளை ஒரு பிடி பிடித்தார். பல் டாக்டர் வடக்கு கட்சியில் சேர்ந்துகொண்டார். 1912-இல் யாருக்கும் அக்கறை இல்லை.

ஷர்மிஷ்டா கும்பலைப் பிளந்துகொண்டு வந்து, "தாதா! உங்களுக்கு பெங்காலி தெரியாது!" என்று கெஞ்சினாள்.

"இப்பத்தான் கத்துண்டேன், சும்மா இரும்மா" என்றார்.

எனக்கோ தட்டிக்குப் பின்னால் ரத்தம் கொதித்தது. என்ன அநியாயம் பாருங்கள்! ஒரு வருஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னதும் இதுதானே? அந்தக் காற்று, அந்த மாஷிமா, அந்த டைபாய்டு, எல்லாவற்றையும் சொன்னேனே! அப்போது 'உளறாதே, தாம்பரத்துல கடல்காத்து வரும்' என்றாரே! கரண்டியை எடுத்துப் பித்தளைப் பாத்திரத்தில் இரண்டு போட்டேன். ஜனங்கள் அதை மேளம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

"உன் ஆத்துக்காரர் இத்தனையையும் எங்கேடி ஒளிச்சு வெச்சிருந்தார்?" என்றாள் காமு.

ஒருவழியாக அவர் மூச்சு வாங்கி நிறுத்தினார். நந்தி பாபு எழுந்து நின்றார். கோபித்துக்கொண்டு போகப்போகிறார் என்று நான் நினைத்தேன். சுவாமி, அப்படியே ஆகட்டும், காளிகாட்டுக்கு வந்து மாலை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்த மனுஷர் மங்கி கேப்பைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"தாதா," என்றார், "என் அப்பா இப்படித்தான் பேசுவார். நாங்க அடுக்குமாடி டவருக்குக் குடி போனதிலிருந்து இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லலை. பால்கனியை மூடமாட்டேன். சத்தியம். ஜன்னலைத் திறந்தே வெச்சிருக்கேன். வாங்கலாமா வேண்டாமான்னு மனசுக்குள்ள கொஞ்சம் சந்தேகம் இருந்தது, இப்போ போயிடுச்சு. இந்த வீடுதான் எனக்கு வேணும். அட்வான்ஸ் கொண்டு வந்திருக்கேன், இப்பவே வாங்கிக்கங்க."

கோட்டுப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். கூட்டம் ஓவென்று கை தட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

அடப்பாவி மனுஷா, பேசிப் பேசியே விற்றுவிட்டாயே என்று எனக்குத் தலை சுற்றியது. அந்த பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடினாலாவது அது போய்விட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இப்போது அது திறந்தே இருக்கும், காற்று வந்துகொண்டே இருக்கும், நான் மட்டும் தாம்பரத்தில் இருப்பேன். கையில் சூடான பால் பாத்திரம் இருந்தது. அதை டமாலென்று போடலாம் போலிருந்தது. ஆனால் மெதுவாக, சத்தமே இல்லாமல், தரையில் வைத்தேன்.

வெளியே இவர் தலை திரும்பியது. ஓட்டை வழியாக நான் பார்க்கிறேன், அவர் தட்டியையே பார்க்கிறார். ஏதாவது மூடி விழும், குறைந்தபட்சம் டபராவாவது பேசும் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் இருந்த ஜோரெல்லாம் இறங்கிவிட்டது. நீட்டின கவரைப் பார்த்தார், மறுபடி தட்டியைப் பார்த்தார்.

பிறகு முழங்காலிலிருந்து தலைப்பாகையை எடுத்து நிதானமாகத் தலையில் வைத்துக்கொண்டார். கோட்டு பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"எக்ஸ்க்யூஸ் மீ சார்," என்றார் இங்கிலீஷில். "விச் ஹௌஸ்?"

நந்தி பாபு சிரித்தார். "தாதா, உங்க ஃப்ளாட்."

"ஐ ஹாவ் நோ ஃப்ளாட், சார். திஸ் இஸ் நைன்டீன் ட்வெல்வ். நான் குமாஸ்தா. போன வாரம்தான் மதராஸ் மெயில்ல வந்தேன். விக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை." மரப்பெட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பத்தானே சார் வந்திருக்கேன்."

கூட்டம் சிரித்துப் புரண்டது. ஷர்மிஷ்டா நெஞ்சில் கை வைத்து அப்பாடா என்று மூச்சு விட்டாள். தாதா ஒருவழியாக வேஷத்துக்குள் வந்துவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷம். நந்தி பாபுவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"பிரமாதம் தாதா, பிரமாதம்! சரி, வேஷத்தைக் கலைக்க வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கே வரேன்."

"சாயங்காலமும் 1912 தான், சார்" என்றார் இவர்.

நந்தி பாபுவின் சிரிப்பு மெல்ல நின்றது. இவர் முகத்தை உற்றுப் பார்த்தார். இவர் விசிறியை எடுத்து மும்முரமாக விசிறிக்கொண்டார்.

"நாளைக்கு?" என்று மெதுவாகக் கேட்டார் நந்தி.

"நாளைக்கும்தான், சார். வெரி சாரி."

நந்தி பாபு கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பெங்காலிக்காரன் என்ன இருந்தாலும் பெங்காலிக்காரன், கையைக் கூப்பி, "சரி குமாஸ்தா பாபு. கல்கத்தாவுக்கு நல்வரவு" என்று சொல்லிவிட்டு, மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு பலா மரத்துப் பக்கம் நடந்து போனார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மடிசார் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒரு வருஷத்து அழுகை, ஆனால் இது அந்த அழுகை இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை. காமு என் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதாள். அவளுக்கு எதற்கு அழுகை என்று தெரியவில்லை. இவர் திரும்பிப் பார்க்காமல், தட்டிக்குக் கேட்கிற மாதிரி, "ஏய், காப்பி இருக்கா?" என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் காப்பி கேட்டு.

அந்தச் சமயம் சால்வை போர்த்தின ஒரு அம்மாள் தட்டி ஓட்டை வழியாக எட்டி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த தங்கை மாதிரி ஒருத்தியை இழுத்துக் காட்டினாள்.

"பாரு, எவ்வளவு தத்ரூபமா நடிக்கறாங்க!" என்றாள் பெங்காலியில். "அந்தக் காலத்துல இப்படித்தான். பாவம், சொந்த ஊரை நினைச்சு அழறா."

அடியே, இதுதானேடி என் சொந்த ஊர் என்று கத்த வாய் துடித்தது. ஷர்மிஷ்டா தூரத்திலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, அடுத்த டிகாக்ஷனுக்கு வெந்நீர் வைத்தேன்.